வேலியோரச் சிலேட்டுகள்

1

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பாக, கல்லறைத் தோட்டமொன்றின் வேலியருகே ஒரு கலியாணம் நின்றுபோனது. யாரும் குரலை உயர்த்தவில்லை. பஸ்ஸில் வந்தவர்களில் பெரும்பாலானோர் அப்போது புளிச்சாதத்துக்கு வரிசையில் நின்றார்கள். நான் வேலியருகே நின்றேன்.

அந்தக் கலியாணம் பற்றி மொன்றியலில் இப்போது ஒரு செய்தி உலாவுகிறது. கோயிலில் கேட்டேன், தமிழ்க் கடையில் கேட்டேன், டொரொன்ரோவிலிருந்து தொலைபேசியில் பேசிய உறவினர் ஒருவரிடமும் கேட்டேன். அது பிழையான செய்தி. யாழ்ப்பாணத்துப் பத்திரிகையொன்றில் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு இங்கே வந்தவன் நான். வந்த பிறகு டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கித்தான் ஓய்வு பெற்றேன். ஆனாலும் பிழையான செய்தியைப் பார்த்தால் கை இன்னும் பேனையைத் தேடுகிறது.

2

எங்கள் முதியோர் ஒன்றியம் வருடத்துக்கு ஒரு தடவை, கோடையில், பஸ் பிடிக்கும். வழக்கமாக நயாகரா, இல்லாவிட்டால் ஆயிரம் தீவுகள். இம்முறை செயலாளர் புதியவர். கிழக்கே இரண்டு மணி நேர ஓட்டத்தில், வேல்ஸ் நாட்டவர்கள் வந்து குடியேறிய சிறிய ஊர் ஒன்று இருப்பதாகவும், அங்கே அவர்கள் கட்டிய தேவாலயத்தையும் கற்குழியையும் பார்க்கலாமென்றும் கூட்டத்தில் அறிவித்தார்.

"அங்க என்ன இருக்கு?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"கல்லு."

"கல்லுப் பாக்கவோ காசு குடுத்துப் போறது? எங்கட வீட்டு பேஸ்மென்றிலயே கிடக்குது."

"இது சிலேட்டுக் கல்லு அண்ணை. நீங்கள் அரிவரி வகுப்பில எழுதினது."

"நான் அரிவரியே படிக்கேல்லை. அதாலதான் இஞ்ச வந்து சந்தோசமா இருக்கிறன்."

சிரித்துவிட்டு எல்லோரும் பெயர் கொடுத்தார்கள். அதில் இரண்டு குடும்பங்கள் கல்லுக்காகப் பெயர் கொடுக்கவில்லை.

ஒன்று பரமலிங்கம் குடும்பம். பரமலிங்கமும் மனைவி இந்திராணியும் எனக்கு இருபது வருடப் பழக்கம். அவர்களின் மகன் நிரோஷன் விமான உதிரிப்பாகம் செய்யும் கம்பனியொன்றில் பொறியியலாளர். மற்றது லொங்குய்யில் வசிக்கும் தவராசா குடும்பம். தவராசா டோர்வலில் பயணப்பொதி ஏற்றும் பகுதியில் மேற்பார்வையாளராக இருந்தவர். வேலையிடத்தில் ஏற்பட்ட பழக்கம். அவருடைய மகள் அபிராமி புவாண்ட்-கிளேரில் மருந்தாளர். நிரோஷனும் அபிராமியும் பல்கலைக்கழகத்திலிருந்தே ஒருவரையொருவர் விரும்புகிறவர்கள். இரண்டு வீட்டுக்கும் அது தெரியும். பெற்றோர்கள் மட்டும் இன்னும் நேரே சந்திக்கவில்லை. ஒரே பஸ்ஸில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வதென்று ஏற்பாடு. எங்கள் சமூகத்தில் தற்செயல்கள் நன்கு திட்டமிடப்படும்.

பயணத்துக்கு முந்திய கிழமை பரமலிங்கம் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, நீங்கள் பேப்பரில இருந்தனீங்கள். ஊர் முழுக்கத் திரிஞ்சனீங்கள். தவராசா எவடம்?"

"லொங்குய்."

"பகிடியை விடுங்கோ. ஊரில எவடம்?"

யாழ்ப்பாணத்துக்கு வெளியே வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 'எவடம்' என்றால் எந்த இடம். முதலில் ஊர் கேட்கப்படும். பிறகு ஊரில் எவடம். பிறகு எந்தக் கோயிலடி, எந்தப் பள்ளிக்கூடம், பக்கத்து வளவு யாருடையது. ஐந்தாவது கேள்வி பெரும்பாலும் தேவைப்படாது. அதற்குள் கேட்டவருக்கு எதிரில் நிற்பவரின் சாதி தெரிந்துவிடும். சாதி என்ற சொல் ஒருதடவைகூட வராது. விசாரணை இவ்வளவு நாகரிகமாக நடப்பதை நான் எந்த நீதிமன்றத்திலும் கண்டதில்லை.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

"தெரியாதோ, சொல்ல விருப்பமில்லையோ?"

"இரண்டும்."

அவர் சிரித்தார். "பறவாயில்லை அண்ணை. பஸ்ஸில நாங்களே கதைச்சுப் பாக்கிறம். எனக்கு இதில நம்பிக்கை இல்லை, தெரியும்தானே. இந்திராணிக்காகத்தான்."

இந்த நாட்டில் எனக்குத் தெரிந்த எந்த ஆணும் தனக்காகச் சாதி பார்ப்பதில்லை. எல்லோரும் மனைவிக்காகவே பார்க்கிறார்கள். மனைவிமாரைக் கேட்டால் மாமியாருக்காக என்பார்கள். மாமியார் பெரும்பாலும் இறந்திருப்பார்.

3

பஸ் ஷாம்ப்ளேன் பாலத்தைக் கடந்ததும் தவராசாவின் மனைவி வசந்தி பெரிய அலுமினியத் தட்டொன்றைத் திறந்து மரக்கறி ரோல்ஸ் பரிமாறினார். இந்திராணி இரண்டு எடுத்தார். "என்ன வசந்தி, மேல்மா இவ்வளவு மொறுமொறுப்பா வந்திருக்கு? எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு பேந்து சொல்ல வேணும்," என்றார். பெண்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து ஆசனத்துக்கு மாறினார்கள். நிரோஷனும் அபிராமியும் கடைசி வரிசையில் ஒரே தொலைபேசியைப் பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

பரமலிங்கம் தவராசாவின் அருகில் அமர்ந்தார். எனக்கு முன் ஆசனம். அதனால் பரமலிங்கம் விசாரித்தது காதில் விழுந்தது.

"நீங்கள் ஊரில..."

"யாழ்ப்பாணம்."

"ஓம், யாழ்ப்பாணத்தில..."

"டவுனில இருந்து கொஞ்சம் தள்ளி."

"எந்தப் பக்கம் தள்ளி?"

"பஸ் போற பக்கம்," என்றார் தவராசா. பிறகு தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினார், அல்லது தூங்குவதுபோல் இருந்தார்.

4

ஊரின் பெயரை எழுதவில்லை. அங்கிருக்கும் மூதாட்டிக்கு எங்களால் மேலும் தொந்தரவு வேண்டாம்.

ஒரு தெரு, டெப்பனர் எனப்படும் ஒரு மூலைக்கடை, ஒரு பெற்றோல் நிலையம். ஆனால் கூரைகள் வேறு. மற்ற ஊர்களில் தகரமும் தார்த்தாளும் இருக்கும் இடத்தில் இங்கே சாம்பலும் ஊதாவும் கலந்த கல்லோடுகள், மீன் செதில் அடுக்கினாற்போல். நூற்றைம்பது வருடத்துக்கு முன் வேல்ஸ் நாட்டுக் கற்குழிகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் இங்கே நிலத்துக்கடியில் அதே கல்லைக் கண்டு தங்கிவிட்டார்கள். குழியில் இப்போது தண்ணீர். தேவாலயத்தில் ஆராதனை இல்லை. கோடையில் வாரக்கடைசியில் மட்டும் திறப்பார்கள்.

திறப்பவர் மிஸிஸ் பரி. எண்பதைத் தாண்டியவர், ஆண்கள் அணியும் பெரிய சப்பாத்து அணிந்திருந்தார். எங்களிடம் ஆங்கிலத்திலும் பஸ் சாரதியிடம் பிரெஞ்சிலும் ஒரே மூச்சில் பேசினார். கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய் ஒரு நடுகல்லைக் காட்டினார். அவருடைய பூட்டனாருடையது. வேல்ஸ் மொழியில் ஐந்தாறு வரி.

"என்ன எழுதியிருக்கிறது?" என்று அபிராமி கேட்டாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. என் அப்பாவுக்கும் தெரியாது. இந்த ஒரு சொல் மட்டும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்." விரலை வைத்தார். "கல் உடைப்பவர். பாறையில் கயிற்றைத் தொடையில் சுற்றித் தொங்கிக்கொண்டு உடைத்தவர். கயிறு அறுந்துதான் செத்தார். பேரை விடப் பெரிதாகத் தொழிலை வெட்டியிருக்கிறார்கள், பாருங்கள்."

உண்மைதான். தொழில் பெரிய எழுத்தில் இருந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். கற்குழியில் மிஞ்சிய ஓட்டுத் துண்டுகளைச் சிலேட்டளவில் வெட்டி ஒரு பெட்டியில் அடுக்கியிருப்பார்கள். வருகிறவர்கள் ஒன்றை எடுத்து, வெண்கட்டியால் தந்தையின் பெயரையும் அவர் செய்த தொழிலையும் எழுதி, கல்லறைத் தோட்டத்து வேலியில் சாய்த்து வைக்க வேண்டும். மழை வந்தால் தானாகக் கழுவப்படும். வராவிட்டால் மாலையில் மிஸிஸ் பரி குழாய் பிடிப்பார். இறந்தவர்களுக்கு விருந்தாளிகளை அறிமுகப்படுத்துவது என்றார், சிரிக்காமல்.

எங்கள் ஆட்கள் உற்சாகமாக எழுதினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல ஒருவர் சிலேட்டை மற்றவர் எட்டிப் பார்த்தார்கள்.

நான் வேலி நெடுகிலும் நடந்து வாசித்தேன். பழக்கதோஷம். ஆசிரியர். தலைமை ஆசிரியர். ஆசிரியர். தபாலதிபர். அரசாங்கக் கச்சேரி எழுதுவினைஞர். ஸ்டேஷன் மாஸ்டர். தலைமை ஆசிரியர். நில உடைமையாளர். அந்த நில உடைமையாளர் பரமலிங்கத்தின் தந்தை. எனக்குப் பக்கத்து ஊர். அவரை நான் கண்டிருக்கிறேன். சுருட்டுக் கொட்டிலில் சம்பளத்துக்குச் சுருட்டுச் சுற்றியவர். நல்ல சுருட்டு.

மிஸிஸ் பரியும் என் பின்னால் வாசித்துக்கொண்டு வந்தார். ஆங்கிலத்தில் எழுதியவற்றை மட்டும். முடிவில் நின்று, "உங்கள் நாட்டில் பள்ளிக்கூடங்கள் நிறைய இருந்திருக்க வேண்டும்," என்றார்.

"இருந்தன."

"சாப்பாடு யார் விளைவித்தார்கள்?"

நான் வேலியைத் திரும்பிப் பார்த்தேன். என் சிலேட்டும் அந்த வரிசையில் இருந்தது. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் என்று எழுதியிருந்தேன். என் அப்பா அதுதான். அதை எழுத எனக்கு எந்தத் துணிவும் தேவைப்படவில்லை.

5

தவராசா கடைசியாக வந்தார். சிலேட்டை வேலித் தூணில் வைத்து, அவசரப்படாமல் எழுதினார். தமிழிலும் கீழே ஆங்கிலத்திலும்.

பொன்னன். பனையில் கள்ளுச் சீவியவர்.

பெயரை வாசித்தாலே எங்கள் ஆட்களுக்கு மீதி தேவையில்லை. வேறு வளவில் பிறந்திருந்தால் பொன்னையா என்று ஆகியிருக்கும் பெயர். ஊர் அவரைச் சாகும்வரை பொன்னன் என்றே வைத்திருந்தது.

"தவராசா, யோசிச்சுத்தானோ?" என்று கேட்டேன். கேட்டதும் எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"முப்பது வரியமா யோசிச்சனான் அண்ணை. அகதி விசாரணையில விசாரிச்ச மனிசி அப்பான்ர தொழில் என்ன எண்டு கேட்டவ. நான் உள்ளதைச் சொன்னன். மொழிபெயர்த்தவன் எங்கட பொடியன். 'கமக்காரன்' எண்டு, விவசாயி எண்டு மாத்திச் சொன்னான். வெளியில வந்து என்ன கேட்டவன் தெரியுமோ?"

"எவடம்?"

"ஓம். அதுதான்." கையிலிருந்த வெண்கட்டித் தூளைத் தட்டினார். "என்ர எல்லா ஃபைலிலயும் அப்பா கமக்காரன். ஒரு குழி தோட்டமும் இல்லாத மனிசன். இனி சம்பந்தி வீட்டிலயும் கமக்காரனா இருக்க வேணுமோ? பொய் சொல்லிப் பிள்ளையைக் குடுக்க ஏலாது அண்ணை. தெரிஞ்சு எடுக்கிறவை எடுக்கட்டும்."

மிஸிஸ் பரி வந்து ஆங்கில வரியை வாசித்தார். "மரத்தில் ஏறினாரா? எப்படி?"

தவராசா தன் கால்களைச் சேர்த்துக் காட்டினார். "காலிரண்டையும் நார் வளையத்தால் பிணைப்பார்கள். அதற்குத் தளநார் என்று பெயர். ஒரு நாளைக்கு எத்தனையோ மரம். காலையும் மாலையும்."

"கயிறு அறுந்ததா?"

"இல்லை. படுக்கையில்தான் செத்தார்."

"அதிர்ஷ்டசாலி," என்றார் மிஸிஸ் பரி. தேவாலயத்துக்குள் பழைய கயிறு ஒன்று இருக்கிறது, வந்து பார் என்று அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போனார். தவராசா போகும்போது தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார்.

6

இனி நான் சொல்லப்போவது இரண்டு மூன்று நிமிடத்தில் நடந்தது.

நிரோஷன் வந்தான். அவனுக்குத் தமிழ் வாசிப்பது சிரமம். ஆங்கில வரியை வாசித்தான். பிறகு வரிசையில் நிற்கும் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து கை துடைக்கும் கடதாசிச் சவுக்கத்தை எடுத்து, தண்ணீர்ப் போத்தலைச் சரித்து நனைத்து, சிலேட்டைத் துடைத்தான். நன்றாகத் துடைத்தான், மூலைகளையும். நான் அருகில் நிற்பதை அப்போதுதான் கண்டான்.

"அங்கிள், அம்மா ஆக்கள் வாசிக்க முதல்..."

"அது உங்கட சிலேட்டு இல்லைத் தம்பி."

"ஐ நோ. எனக்கு இது பிரச்சினையே இல்லை. பட் சனம் வாசிப்பினம். அம்மாக்கு அது... கொம்ப்ளிகே." சிக்கல் என்பதற்கு அவனிடம் பிரெஞ்சுச் சொல்தான் இருந்தது.

மொன்றியலில் பிறந்தவன். கணக்கு எண்ணவும் சத்தியம் பண்ணவும் பிரெஞ்சு, வேலைக்கு ஆங்கிலம். அவனுடைய தமிழ் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எல்லாவற்றையும் மறந்தான். இதை மட்டும் யாரும் பாடமாக நடத்தவில்லை, பிழையின்றி வைத்திருக்கிறான். மிஸிஸ் பரியின் குடும்பத்தில் மொழி போய்த் தொழிலின் பெயர் மிஞ்சியிருக்கிறது. எங்களிடம் மொழி போய் மிஞ்சியிருப்பது, ஒரு கடதாசிச் சவுக்கத்தை நனைக்கத் தெரிந்திருப்பது. பரமலிங்கம் எவடம் என்று கேட்டபோது எனக்கு வந்தது எரிச்சல்தான். இது அருவருப்பு.

அபிராமி அவனுக்குப் பின்னால் நின்றாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. பிரெஞ்சில்தான் சொன்னாள், நடுவில் அப்பாவின் அப்பாவுக்கான தமிழ்ச் சொல் மட்டும். எனக்கு விளங்கும் பிரெஞ்சு.

"நீ அப்பப்பாவை அழித்துவிட்டாய்."

"அபி, இண்டைக்கு மட்டும். ஜஸ்ட் டுடே. பேந்து நானே அம்மாவோட கதைக்கிறன்."

"என்னவென்று கதைப்பாய்?"

"எனக்கு ஓகே எண்டு."

"உனக்கு ஓகேயா?" அவள் தமிழுக்கு மாறினாள். வீட்டில் பேசும் தமிழ். "என்ர அப்பப்பா உனக்கு ஓகே எண்டு நீ சொல்ல வேணுமோ? ஆர் நீ சொல்லுறதுக்கு?"

"நான் அப்பிடி மீன் பண்ணேல்லை."

"தெரியும். நினைச்சுச் செய்திருந்தா சண்டை பிடிக்கலாம். நினையாமலே கை போச்சு, பார்."

அவன் கையைப் பார்த்தான். ஈரக் கடதாசி இன்னும் அதில் இருந்தது.

அவள் பெட்டியிலிருந்து பெரிய துண்டொன்றை எடுத்தாள். தன் தாத்தாவின் பெயரைத் தமிழில் எழுதினாள். றன்னகரத்தின் சுழி ஒன்று குறைந்தது. எண்ணிப் பார்த்துச் சேர்த்தாள். கீழே தொழிலைப் பிரெஞ்சில், மிஸிஸ் பரியின் பூட்டனாருடைய கல்லில் இருப்பதுபோல, பெயரைவிடப் பெரிதாக எழுதினாள். அதை வேலியில் சாய்க்காமல், நடுத்தூணின் மேல் நிறுத்தி வைத்தாள்.

"நான் திரும்பேக்க அப்பாவோட முன்னுக்கு இருக்கிறன்," என்றாள் நிரோஷனிடம். "நாளைக்கும் முன்னுக்குத்தான். விளங்குதோ?"

"அபி..."

"போய்ச் சாப்பிடு. லைன் கூடுது."

7

சாப்பாட்டுத் தட்டுகளோடு சனம் வேலிப்பக்கம் வந்தது. நிழல் அங்கேதான் இருந்தது. நடுத்தூணை எல்லோரும் வாசித்தார்கள். வாசித்ததாக ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் பேச்சு ஒரு படி இறங்கியது. சிலர் வானிலை பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

வசந்தி மிச்ச ரோல்ஸைக் கொண்டு வந்தார். காலையில் தட்டைச் சுற்றிக் கை முண்டியடித்தது. இப்போது ஒருவருக்கு நீரிழிவு, ஒருவருக்கு நெஞ்செரிவு, ஒருவருக்கு வயிறு நிறைந்துவிட்டது. இந்திராணி மரியாதைக்கு ஒன்றை எடுத்தார். ஒரு கடி கடித்தார். வசந்தி திரும்பியதும் அதைச் சவுக்கத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டிக்குள் போட்டார். பிறகு போத்தல் தண்ணீரில் விரல்களைக் கழுவினார். அதே வசந்தி, அதே மா, அதே எண்ணெய். காலையில் செய்முறை கேட்கப்பட்ட ரோல்ஸ்.

நான் மூன்று சாப்பிட்டேன். இதை வீரமாகச் சொல்லவில்லை. பசித்தது, ரோல்ஸ் நன்றாகவும் இருந்தது. அது ஒரு வீரம்போலத் தெரியும் இடத்தில் நாங்கள் இருக்கிறோம் என்பதுதான் கேவலம்.

திரும்பும்போது அபிராமி முன் ஆசனத்தில், தந்தையின் தோளில் சாய்ந்தபடி. நிரோஷன் கடைசி வரிசையில் தனியாக. பரமலிங்கம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, உங்களுக்கு இரண்டு பகுதியையும் தெரியும். நீங்களே ஒருக்காப் பக்குவமாச் சொல்லிவிடுங்கோ. சாதகம் பொருந்தேல்லை எண்டு."

"சாதகம் வாங்கினனீங்களோ?"

"இல்லை... அது ஒரு கதைக்குத்தானே."

எங்கள் சமூகத்தில் கிரகங்கள் படும் பாடு பெரிது. மனிதர் சொல்ல வெட்கப்படும் ஒவ்வொன்றையும் செவ்வாயின் தலையில் கட்டிவிடுவோம். நான் எழுந்து வேறு ஆசனத்துக்குப் போனேன். தவராசாவுக்குப் பின் ஆசனம். அவர் திரும்பாமலே கேட்டார்.

"என்னவாம் அண்ணை? சாதகமோ?"

"ஓம்."

"பிள்ளைக்குச் சாதகம் எழுதுவிக்கவே இல்லை." அவருடைய தோள் குலுங்கியது. சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். அபிராமி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பாலம் வரும்வரை அதை விடவில்லை.

8

பிழையான செய்தி இதுதான்: பையன் வீட்டார் நிறுத்திவிட்டார்கள், சாதகம் பொருந்தவில்லை. இந்திராணி கோயிலில் சொன்னார். "நாங்கள்தான் வேண்டாம் எண்டனாங்கள்" என்ற வரி பல வாய்களில் ஏறி எனக்கே திரும்பி வந்தது. சிலர் அனுதாபமாகச் சொன்னார்கள்: "பாவம் அந்தப் பெட்டை."

போன கிழமை பிரஷர் குளிசை எடுக்க புவாண்ட்-கிளேர் போனேன். வீட்டுக்குக் கிட்டவும் மருந்தகம் இருக்கிறது. அபிராமி வெள்ளை மேலங்கியோடு நின்றாள். குளிசையை எப்போது எடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லும் முறையில் சொல்லி முடித்தாள். பிறகு கேட்டாள்:

"அங்கிள், நீங்கள் பேப்பரில இருந்தனீங்கள்தானே. பிழையா ஒண்டு வந்தா என்ன செய்வீங்கள்?"

"அடுத்த நாள் திருத்தம் போடுவம்."

"எவ்வளவு பெரிசா?"

"சின்னனா. உள்பக்கத்தில, ஒரு மூலையில."

"இதைப் பெரிசாப் போடுங்கோ," என்றாள். "எல்லாற்ற பேரையும் மாத்துங்கோ. எனக்குப் பிரச்சினை இல்லை. அப்பப்பான்ர பேரை மட்டும் மாத்த வேண்டாம்."

எல்லோருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஒன்றைத் தவிர.

திருத்தம்: மொன்றியலில் நடக்கவிருந்த கலியாணமொன்றை மணமகன் வீட்டார் நிறுத்தியதாக வெளியான செய்தி பிழையானது. நிறுத்தியவர் மணமகள். அவர்கள் நிறுத்துவதற்கு முன்பே நிறுத்தினார். சாதகம் பார்க்கப்படவில்லை. மணமகளின் தந்தைவழித் தாத்தா பொன்னன், பனையில் கள்ளுச் சீவியவர்.